கறுக்காத வெள்ளி

கபூர் மாமா வலது கையை நீட்டிக் காட்டினார். மோதிர விரலின் அடியில் வெயில் படாத வெளிர் வட்டம் ஒன்று இருந்தது. மோதிரம் இல்லை.

“கயிறு இழுக்கக்குள்ள கழண்டு போயிட்டு மனே,” என்றார். “சீனி வருத்தம் வந்தத்துக்குப் பொறகு விரல் மெலிஞ்சிட்டு. எப்ப கழண்டதெண்டே தெரியா.”

முந்தின நாள் கரைவலை இழுக்கும்போது நடந்தது. கயிற்றில் கை வைத்தவன் யாராக இருந்தாலும் வலை கரைக்கு வந்ததும் ஒரு கை மீன் கிடைக்கும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அரிசி மில்லில் இருந்து ஓய்ந்த பிறகு மாமா அதற்காகத்தான் கடற்கரைக்கு வருகிறார். மீனுக்காக மட்டும் என்றும் சொல்ல முடியாது. வீட்டில் இருக்கப் பிடிக்காத மனிதர்.

சாய்ந்தமருதுக் கடற்கரையில் அந்த இடத்தை எனக்குத் தெரியும். அங்கே என் மெட்டல் டிடெக்டரைக் கொண்டுபோக நான் விரும்புவதில்லை. சுனாமி அள்ளிப்போட்ட வீடுகளின் ஆணியும் கம்பியும் தகரமும் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அதற்கு மேல் வலையில் இருந்து உதிர்ந்த ஈயக் குண்டுகள். அதற்கு மேல் சோடா மூடி, குளிர்பானப் பேணியின் வளையம், சிகரட் பெட்டியின் ஈயத்தாள், பிஸ்கட் உறை. மண் கொஞ்சம், மற்றது குப்பை.

டோஹாவில் இரவுக் காவல் வேலையைப் பாதியில் விட்டு வந்தபோது நான் கொண்டுவந்ததில் பெறுமதியான சாமான் இந்த டிடெக்டர் ஒன்றுதான். அறுகம்பை ஹோட்டல்காரர்கள் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரன் அலையில் விளையாடி மோதிரத்தை விட்டுவிடுவான், நான் போய் எடுத்துக் கொடுப்பேன். அங்கே மண் சுத்தம். மெஷின் கத்தினால் அநேகமாக அது மோதிரம்தான். இங்கே ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் ஏழெட்டுச் சத்தம் கேட்கும்.

“என்ன மோதிரம் மாமா?”

“வெள்ளி. ஒண்ட மாமி ஜுனைதா குவைத்துல இரிந்து வந்த நேரம் போட்டுவிட்டது. அந்தக் காலத்து நல்ல வெள்ளி. இவ்வளவு வருஷமா உப்புக் காத்துல இரிந்தும் கறுக்கவே இல்ல, பாரன். பல்பொடி போட்டு ஒருக்காத் தேய்ச்சா புதுசு மாதிரி.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. குப்பைக்குள் தேடுவதற்கு வெள்ளியை விட லேசான சாமான் இல்லை. என் மெஷின் மண்ணுக்குள் உள்ளதற்கு நம்பர் கொடுக்கும், நம்பருக்கேற்ற சத்தமும் கொடுக்கும். இரும்பு ஆகக் கீழே, மாடு உறுமுவது போல. ஈயத்தாளும் பேணி வளையமும் நடுவில். வெள்ளியும் செம்பும் எண்பதுக்கு மேலே, காது கூசும் கீச்சுச் சத்தம். அதனால் கீழேயும் நடுவிலும் உள்ளதை எல்லாம் கேட்காதே என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டால் முக்கால்வாசிக் குப்பை வாயை மூடிக்கொள்ளும்.

மண்ணுக்கு மேல் ஆட்டும் பெரிய வட்டக் கொயிலைக் கழற்றிச் சின்னதைப் பூட்டினேன். பெரியது ஒரே நேரத்தில் ஐந்தாறு சாமானைப் பார்த்துக் குழம்பிவிடும். ஆழம் பார்க்கும் சக்தியையும் பாதியாகக் குறைத்தேன். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

“கூட்டி வெச்சா நல்லாத் தேடாதா?”

“கூட்டினா ஆழத்துல கிடக்கிற ஆணி எல்லாம் கத்தும் மாமா. உங்கட மோதிரம் நேத்து விழுந்தது. மேலதான் கிடக்கும்.”

என் விரலில் இருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றி மணலில் போட்டு அதன் மேல் கொயிலை ஆட்டினேன். எண்பத்தி நாலு. கீச்சென்று கத்தியது. மாமா சின்னப் பிள்ளை போலச் சிரித்தார்.

“இன்னொருக்கா செய்.”

செய்தேன்.

“அப்ப இந்தச் சத்தம் வந்தாத்தான் தோண்டோணும்?”

“ஓம். மத்ததெல்லாம் குப்பை.”

இதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். பிறகு அதுவே என் கழுத்தைப் பிடித்தது.

கயிறு இழுத்தவர்கள் பின்பக்கமாக நடந்து வந்த தடம் மணலில் இன்னும் இருந்தது. குதிகால் அழுந்திய குழிகள் நீரோரத்தில் இருந்து வலை வைக்கும் குடிசையான வாடி வரைக்கும் வரிசையாகக் கிடந்தன. மோதிரம் அந்த வரிசையில்தான் எங்கோ கிடக்க வேண்டும். இரண்டு பக்கமும் நைலோன் கயிறு கட்டி, ஒடுங்கிய ஒழுங்கை போல ஆக்கி, மெதுவாக ஆட்டிக்கொண்டு போனேன். மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கீச்சென்றால் எனக்கு முன்னமே குனிந்தார்.

மோட்டரில் இருந்து வந்த செம்புக் கம்பி. நசுங்கிய பேணி. பைப்பின் பித்தளைத் தலை. பிறகும் நசுங்கிய பேணி. வாடியில் வலை தைத்துக்கொண்டிருந்த முபாறக் எழும்பி வந்தார். வலைக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

“என்ன ஸிராஜ், புதையலா? எனக்கும் பங்கு வெச்சிக்க. மண் என்ட வாடிக்கு முன்னால உள்ள மண்.”

“பேணி கிடக்கு காக்கா. பாதி எடுங்க.”

“கபூர் காக்கா, பொலிஸ் வந்தா நீங்கதான் சொல்லோணும். தாடியப் பாத்தா நம்புவானுகள்.”

“வேலையப் பாரு முபாறக்,” என்றார் மாமா. “ஒண்ட வலையிட ஈயம்தான் மண்ணெல்லாம் கிடக்கு. அதப் பொறுக்கி எடு மொதல்ல.”

கபூர் மாமாவிடம் வாய் கொடுத்து யாரும் தப்பியதில்லை. பள்ளியில் தொழுகை வரிசையை நேராக்குவது அவர்தான். இளைஞன் ஒருவன் கழுத்தில் தங்கச் சங்கிலியோடு வந்து நின்றால், கழற்றிப் பொக்கெட்டில் போட்ட பிறகுதான் விடுவார். எங்கள் மார்க்கத்தில் ஆணுக்குத் தங்கம் ஆகாது. அது எல்லாருக்கும் தெரியும், ஆனால் கல்யாணத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள். மாமா மூடமாட்டார். ஒருமுறை மாப்பிள்ளையின் கழுத்தில் சங்கிலியைக் கண்டு, சாப்பிடாமலே எழும்பி வந்தவர்.

மதிய ளுஹர் தொழுகைக்கு அவர் பள்ளிக்குப் போகும்வரை மோதிரம் கிடைக்கவில்லை. ஒழுங்கை முழுவதையும் இரண்டு தரம் முடித்துவிட்டேன். அடுத்து எங்கே தேடுவதென்று எனக்குத் தெரியவில்லை. வேறு யாராவது கண்டெடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஜுனைதா மாமி பிளாஸ்கோடு வந்தார். மணலில் நடக்கச் சிரமப்பட்டார். தேத்தண்ணியை ஊற்றித் தந்துவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“கிடைக்கல்லியா?”

“இல்ல மாமி. வெள்ளி இஞ்ச கிடந்தா இதுக்குள்ள எடுத்திரிப்பன்.”

அவர் மெஷினைப் பார்த்தார்.

“அது எப்படி மனே வெள்ளியக் கண்டுபிடிக்கிற?”

மாமாவுக்குச் சொன்னதையே சொன்னேன். என் மோதிரத்தைப் போட்டுக் கீச்சுச் சத்தத்தையும் கேட்க வைத்தேன். மாமி சிரிக்கவில்லை.

“அப்ப தங்கம் எண்டா?”

“தங்கத்துக்கு இஞ்ச கரைச்சல். சிகரட் பெட்டி ஈயத்தாளும் தங்கமும் ஒரே நம்பர்லதான் கத்தும். எது எதெண்டு மெஷினுக்கும் தெரியா, எனக்கும் தெரியா. எல்லாத்தையும் தோண்டிப் பாக்கோணும்.”

“நீ இப்ப அந்தச் சத்தத்த நிப்பாட்டி வெச்சிரிக்க.”

“ஓம்.”

மாமி முந்தானையின் நுனியைச் சுருட்டினார், பிரித்தார். கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அதத் தொறந்து விடு.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு விளங்கியது.

“வெள்ளை நிறத்துலயும் தங்கம் இரிக்கி எண்டு குவைத்துலதான் கண்டன்,” என்றார். “அவருக்கு வெள்ளி எண்டு சொல்லிப் போட்டன்.”

கறுக்காத வெள்ளி. அதை மாமா காலையில் என் முகத்துக்கு நேரே சொன்னார். அறுகம்பையில் யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, என்ன உலோகம், நிச்சயமா என்பதுதான். இங்கே தாடி வைத்த ஒரு மனிதரிடம் இரண்டாம் தரம் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பார்.

“ஏன் மாமி அவருட கையில போட்டீங்க? நீங்களே போட்டிரிக்கலாமே.”

“நான் போட்டா அது தங்கம். தங்கம் எண்டா நாலு பேர் கேப்பாங்க. தங்கச்சிட மகளுக்குக் கலியாணம், ஒரு கிழமைக்குத் தாங்க ராத்தா எம்பாங்க. தராட்டிச் சண்டை. தந்தா வராது. மத்ததெல்லாம் அப்படித்தான் போன. வெள்ளி மோதிரத்த ஆரு கேப்பாங்க?”

“ஊட்டுல வெச்சிரிக்கலாம்.”

“ஊடு ஆருட?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டி வைப்பார்கள். மாமி குவைத்தில் மற்றவர்களின் பாத்திரம் கழுவிக் கட்டின கல்வீடு மகளின் பெயரில் இருக்கிறது. தாயும் தகப்பனும் இப்போது பின்னால் சமையல் அறையோடு ஒட்டிய ஒரு அறையில். மகள் கெட்டவள் இல்லை. ஆனால் அல்மாரி அவளுடையது, சாவியும் அவளுடையது.

“எனக்கு மிச்சமிரிக்கிறது அது ஒண்டுதான்,” என்றார் மாமி. “அவருட கால்ல புண் வந்து ஆறுதில்ல. நாளைக்கு ஆஸ்பத்திரி, அது இது எண்டு வந்தா மகள்ட கையப் பாக்க ஏலா எனக்கு. அதுக்குத்தான் வெச்சிரிந்தன். அவருட விரல்லயே.”

“நான் எடுத்துத் தாறன்.”

“அவருக்குத் தெரியக்கூடாது மனே. அஞ்சு நேரத் தொழுகையிலயும் அந்தக் கையால தக்பீர் கட்டினவர். தெரிஞ்சா மனுஷன் உருகிப் போயிடுவார்.”

“அவர் பக்கத்துல நிக்கிறாரே மாமி. சத்தத்தக் கேட்டே கண்டுபிடிச்சிடுவார்.”

“அவருக்கு அதெல்லாம் விளங்குமா?”

“காலையில இரிந்து அதத்தானே படிப்பிச்சன்.”

மாமி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

மெஷினைத் திறந்து விட்டேன். இரும்பை மட்டும் தாழ்த்தி வைத்தேன். அதை முழுதாக நிற்பாட்டினால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் நல்ல சாமானும் சேர்ந்து அமுங்கிவிடும். ஒரு சத்தத்தில் இருந்து அடுத்த சத்தத்துக்கு மெஷின் மாறும் வேகத்தைக் கூட்டினேன். ஆட்டும் கையை இன்னும் மெதுவாக்கினேன். ஹெட்போனைப் பூட்டிக் காதில் மாட்டினேன். பிறகு தோண்டினேன். மூடி, தாள், வளையம், ஈயம், தாள். நீண்ட பிடி போட்ட ஓட்டை அகப்பையால் அள்ளி, ஆட்டி, குப்பையைப் பொறுக்கி, குழியை மூடி, அடுத்த சத்தம். இந்த வேலையில் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. எதையும் விடாமல் தோண்டுவதுதான் வேலை.

மாமா திரும்பி வந்து குப்பைக் குவியலைப் பார்த்தார்.

“இதென்ன, குப்பையத் தோண்டுற? கீச்செண்டாத்தானே எண்டாய்?”

ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினேன். “வெயில் சூட்டுக்கு நம்பர் எறங்கும் மாமா. பகலைக்கு இப்படித்தான்.”

பச்சைப் பொய். அவர் நம்பினார். அரிசிச் சாக்கு ஒன்றை எடுத்து வந்து, நான் தோண்டிப் போட்டதை எல்லாம் அதில் அள்ளத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் சட்டையில் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். மாமி போகவில்லை. வாடியின் நிழலில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்து தென்னை நிழல்கள் தண்ணீர் வரை நீண்ட நேரத்தில், ஒழுங்கையின் நடுவில் ஒரு இரும்புச் சத்தம் வந்தது. கடந்து போயிருப்பேன். அதன் ஓரத்தில் வேறு ஏதோ ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் திரும்பி நின்று குறுக்கே ஆட்டினேன். இரும்பு பின்னால் போனது. ஐம்பத்திரண்டு என்று நம்பர் அசையாமல் நின்றது. அகப்பையை இறக்கினேன். வளைந்த ஆணி ஒன்று, அதோடு மோதிரம்.

மாமா என் கையில் இருந்து பறித்துக்கொண்டு நீரோரத்துக்குப் போய்க் கழுவினார். “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். மாமி எழும்பி வந்துவிட்டார். அவர் கண்கள் என்மேல்தான் இருந்தன. நான் தலையை ஆட்டினேன். முடிந்தது என்று நினைத்தேன்.

மாமா விரலில் போடவில்லை. மெஷினின் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். ஐம்பத்திரண்டு அதில் இன்னும் நின்றது.

“வெயில் சூடு எண்டாய்,” என்றார். “இப்ப சூடே இல்லியே.”

நான் அகப்பையால் குழியை மூடத் தொடங்கினேன்.

“அந்தக் காதுல உள்ளதக் கழட்டு.”

கழற்றினேன். மோதிரத்தை மணலில் வைத்தார். “ஆட்டு.” ஆட்டினேன். தொண்டை கட்டியவன் கூப்பிடுவது போல ஒரு மந்தச் சத்தம். “இனி ஒண்டத வை.” என்னுடையதை வைத்தேன். கீச்சென்று கத்தியது. திரும்பவும் அவருடையதைக் காட்டச் சொன்னார். திரும்பவும் அதே மந்தச் சத்தம்.

“தங்கமா?” என்று என்னிடம் கேட்டார்.

“ஓம்,” என்றார் மாமி.

மாமா அப்படியே மணலில் உட்கார்ந்தார். அலை வந்து அவருடைய சாரத்தின் நுனியை நனைத்துவிட்டுப் போனது. கொஞ்ச நேரம் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தின பேருட கழுத்துல இரிந்து கழட்டுவிச்சிரிக்கன்,” என்றார். “அந்த மாப்பிள்ளையிட ஊட்டுல புரியாணிய வெச்சிட்டு எழும்பி வந்தன் புள்ள நான்.”

“வந்து ஊட்டுல பாணும் பருப்பும் திண்டீங்க. நான்தானே தந்தன்.”

“நீ அப்பயும் சொல்லல்ல.”

“சொன்னா அண்டைக்கே கழட்டியிரிப்பீங்க.”

“கழட்டாம?”

“கழட்டி எங்க வெச்சிரிப்பீங்க?”

மாமா மோதிரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். மூடினார்.

“அல்மாரிச் சாவி ஆருட்ட இரிக்கி?” என்றார் மாமி. குரலை உயர்த்தவில்லை. “நம்மட அறைக்குப் பூட்டு இரிக்கா? பாவமெண்டா அது எனக்குத்தான். நீங்க தெரியாமத்தானே போட்டீங்க.”

நான் தள்ளிப் போய் ஒழுங்கைக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன். ஆனால் காதை மூட முடியாது. மாமா சாரத்தின் ஈர நுனியைப் பிழிந்தார். பிறகு செருமினார்.

“தெரியாமச் செஞ்சத்துக்குக் குத்தமில்ல,” என்றார். “இப்ப தெரிஞ்சிட்டு.”

“அப்ப விக்கப் போறீங்களா?”

“கைய நீட்டு.”

மாமி நீட்டவில்லை. மாமாதான் கையைப் பிடித்து இழுத்தார். சவர்க்காரத் தண்ணீரில் வருடக்கணக்காக ஊறிக் கணுக்கள் தடித்த விரல்கள். மாமாவின் விரலில் நிற்காத மோதிரம் மாமியின் கணுவில் சிக்கியது. எச்சில் தொட்டுத் தள்ளித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

“மகள் காணுவா,” என்றார் மாமி. “கேப்பா.”

“வெள்ளி எண்டு சொல்லு.”

“நீங்களா பொய் சொல்லச் சொல்றீங்க?”

“நீ இவ்வளவு காலமும் சொன்னதுதானே. புதுசா ஒண்டும் சொல்லத் தேவல்ல.”

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா மற்றதா என்று நான் நின்ற இடத்தில் இருந்து தெரியவில்லை.

சத்தம் கேட்டு முபாறக் வாடியில் இருந்து இறங்கி வந்தார். மாமா எழும்பிச் சாரத்தைத் தட்டிவிட்டு, குப்பைச் சாக்கின் வாயைக் கட்டக் குனிந்தார்.

“கிடைச்சிட்டா காக்கா?”

“கிடைச்சிட்டு. எனக்கு இனி நிக்காது, விரலுக்கு லூசு. அவ போட்டிரிக்கா.”

முபாறக் மாமியின் கையை எட்டிப் பார்த்தார். “இதுக்கா இந்தப் பாடு? வெள்ளிதானே?”

மாமா சாக்கின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார். தலையை நிமிர்த்தவில்லை.

“ஓம்,” என்றார் மாமி. “குவைத் வெள்ளி. கறுக்காது.”